இந்தியாவின் எல்லாக் கால டெஸ்ட் அணி: சண்டை ஆறு இடத்துக்குத்தான்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சேர்ந்து இந்தியாவின் எல்லாக் காலத்துக்குமான டெஸ்ட் அணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்: கவாஸ்கர், ரோகித், டிராவிட், சச்சின், கோலி, கங்குலி, தோனி, கபில், அஸ்வின், ஜாகீர், பும்ரா. பட்டியலைப் பார்த்த உங்கள் பெரியப்பா, "விஸ்வநாத் இல்லாம ஒரு டீமா? பிரசன்னா எங்கடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். யார் பக்கம் நியாயம் என்பது உங்கள் கேள்வி.

நியாயம் பிறகு. முதலில் உங்கள் பட்டியலில் பந்து போடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். கபில், பும்ரா, ஜாகீர், அஸ்வின். நாலே பேர். சேப்பாக்கத்தில் ஐந்தாம் நாள், பந்து சுழல்கிறது, ஒரு முனையில் அஸ்வின் போடுகிறார். மறுமுனையில் யார்? கங்குலியின் மிதவேகமா? டெஸ்ட் ஜெயிக்க 20 விக்கெட் எடுத்தாக வேண்டும். ஐந்து பந்துவீச்சாளர் வேண்டும், அதற்காக பேட்டிங்கும் மெலிந்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒட்டவைப்பது ஆறாவது, ஏழாவது ஆட்டக்காரர்கள்தான். எல்லோரும் மூன்றாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் தொண்டை வறளக் கத்துகிறார்கள். என்னைக் கேட்டால் அணி தீர்மானமாவது ஏழாம் இடத்தில்.

எங்கே ஆடப்போகிறோம் என்பதையும் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். சேப்பாக்கம், ஈடன் கார்டன்ஸ், லார்ட்ஸ், மெல்போர்ன், பிரிட்ஜ்டவுன் என்று ஐந்து டெஸ்ட் வைத்துக்கொள்வோம். அணி ஒன்றே. வேண்டுமானால் ஒரு ஆளை மட்டும் மாற்றலாம். 1950-ல் ஆடியவரையும் 2020-ல் ஆடியவரையும் சராசரியை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் சரிவராது. அவரவர் காலத்தில் கூட ஆடியவர்களைவிட எத்தனை தூரம் மேலே நின்றார்கள் என்பதே என் அளவுகோல்.

ஐந்து பேருக்கு விவாதமே கிடையாது: கவாஸ்கர், டிராவிட், சச்சின், கபில், பும்ரா.

கவாஸ்கரைப் பற்றி ஒன்று மட்டும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 13 சதம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் நாலு 1978-79-ல் அடித்தவை. அப்போது அவர்களின் பெரிய பந்துவீச்சாளர்கள் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டித் தொடருக்குப் போய்விட்டிருந்தார்கள். 1971-ல் 774 ரன் குவித்த அறிமுகத் தொடரிலும் எதிரே நின்றது பின்னாளைய நால்வர் வேகப்படை அல்ல. ஆனால் 1983-ல் டெல்லியில் மார்ஷலையும் ஹோல்டிங்கையும் அடித்து நொறுக்கிய 121-ஐ என்ன சொல்லிக் குறைக்க முடியும்? அதே தொடரில் சேப்பாக்கத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்காமல் நாலாவதாக வருகிறேன் என்றார். மார்ஷல் முதல் இரண்டு பேரையும் பூஜ்யத்திலேயே அனுப்ப, இவர் இறங்கும்போது ஸ்கோர் பூஜ்யத்துக்கு 2. அங்கிருந்து 236, ஆட்டமிழக்காமல்.

டிராவிட் டெஸ்டில் சந்தித்த பந்துகள் 31,258. உலகத்தில் வேறு யாரும் அத்தனை பந்து ஆடியதில்லை. 2011-ல் இங்கிலாந்தில் 4-0 என்று உதை வாங்கிய தொடரிலும் தனி ஆளாக மூன்று சதம் அடித்தார். சச்சினுக்கு விளக்கமே தேவையில்லை, ஆனாலும் 1998 சேப்பாக்கத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வார்ன் லெக் ஸ்டம்புக்கு வெளியே காலடித் தடத்தில் குத்திப் போடுவார் என்று தெரிந்து, நம்மூர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணனை அதே இடத்தில் போடச் சொல்லி வலைப்பயிற்சி எடுத்தார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடமே அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155.

கபில் 131 டெஸ்ட் ஆடினார். காயம் என்று ஒரு டெஸ்ட்கூட விடவில்லை. இடையில் விட்ட ஒரே டெஸ்டும் 1984 கடைசியில் தேர்வாளர்கள் கழற்றிவிட்டது. பும்ரா 200-வது விக்கெட்டை எடுத்தபோது அவர் சராசரி 20-க்குக் கீழே. அத்தனை விக்கெட் எடுத்த வேறு யாருக்கும் இது வாய்த்ததில்லை. 2024-ல் விசாகப்பட்டினத்தின் தட்டையான பிட்சில் இங்கிலாந்தின் போப்பின் ஸ்டம்புகளைப் பெயர்த்த யார்க்கரைப் பார்த்தவர்களிடம் புள்ளிவிவரம் பேச வேண்டியதில்லை.

இனி சண்டைக்கு வருவோம்.

கவாஸ்கருக்கு ஜோடி யார்? ரோகித் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. ஒருநாள் ஆட்டத்தில் அவர் கதையே வேறு. டெஸ்டில் 67 ஆட்டம், 4301 ரன், 12 சதம். அதில் ஆசியாவுக்கு வெளியே இரண்டுதான்: 2021-ல் ஓவல், 2023-ல் டொமினிகா. சேவாக் 23 சதம், சராசரி 49, நூறு பந்துக்கு 82 ரன்.

சேவாக்குக்கு எதிரான வாதமும் பலமானதுதான். இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து மூன்றிலும் அவர் சராசரி 30-ஐத் தொடவில்லை. அங்கே பந்து ஸ்விங் ஆனால் கால் நகராது. லார்ட்ஸில் அவரை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு மணி நேரம் நிற்க எதிர்முனையில் கவாஸ்கர் இருக்கிறார், அடுத்து டிராவிட் வருகிறார். நிற்கிற ஆள் இரண்டு பேர் இருக்கும்போது மூன்றாவதாகவும் நிற்கிற ஆள் எதற்கு? 2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா 540 எடுத்த பிறகு, மூன்றாம் நாள் காலை 52-ல் தொடங்கிய சேவாக் மாலையில் 309-ல் நின்றார். எதிரே ஸ்டெயின், நிடினி. ஒரே நாளில் 257. அதே ஆண்டு காலேயில் மற்ற ஜாம்பவான்கள் எல்லோரும் இலங்கைச் சுழல்காரர் மெண்டிஸ் விரலில் பந்தை எப்படித் திருப்புகிறார் என்று தெரியாமல் தடுமாற, அணியின் 329-ல் இவர் மட்டும் கடைசி வரை நின்று 201. அந்த டெஸ்டை இந்தியா ஜெயித்தது. பந்துவீச்சாளர்களுக்கு 20 விக்கெட் எடுக்க நேரம் வாங்கித் தருகிற தொடக்க ஆட்டக்காரர் இவர். அணியின் கட்டமைப்பே அதுதான் என்பதால் எனக்கு சேவாக்.

விஜய் மெர்ச்சன்ட் பெயரைச் சிலர் எடுப்பார்கள். முதல்தர ஆட்டங்களில் அவர் சராசரி 71, பிராட்மனுக்கு அடுத்தது அவர்தான். ஆனால் ஆடியது பத்தே டெஸ்ட். போர் அவருடைய நல்ல வயதைத் தின்றுவிட்டது. மதிப்போடு வெளியே உட்காரவைக்கிறேன்.

ஐந்தாம் இடத்துக்கு வந்தால் உங்கள் பெரியப்பா மறுபடி உள்ளே வந்துவிடுவார். வரட்டும், அவர் பக்கம் விஷயம் இருக்கிறது. 1975 ஜனவரி, சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகள். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். இந்தியா மொத்தமே 190. அதில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. கடைசி ஆளாக எதிரே நின்றவர் சந்திரசேகர். அவர் எடுத்த டெஸ்ட் ரன்களைவிட எடுத்த விக்கெட்டுகள் அதிகம் என்பது உலகறிந்தது. அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஸ்ட்ரைக்கைக் காத்து, மறுபக்கம் ராபர்ட்ஸை ஸ்கொயர் கட் அடித்து ரன் சேர்த்தார். சதத்துக்கு மூன்று ரன் பாக்கியிருக்க, சந்திரா அவுட். அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. சென்னையில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது சதம் அடிக்காத சிறந்த இன்னிங்ஸ் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். கொல்கத்தாவில் வி.வி.எஸ். லட்சுமண் அடித்த 281 வேறு வரிசையில் நிற்கிறது. அடிலெய்டில் 1948-ல் பிராட்மன் அணிக்கு எதிராக, லிண்ட்வாலையும் மில்லரையும் சமாளித்து இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்த விஜய் ஹசாரேயும் இருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு நான் கோலியை எடுக்கிறேன், மயிரிழை வித்தியாசத்தில். கடைசி ஐந்தாண்டுகள் அவர் சராசரியை 46.85-க்கு இழுத்துவிட்டன, உண்மை. ஆனால் 2014-ல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்து ஆண்டர்சனிடம் மானம் போனவர், நாலு வருடம் கழித்து அதே நாட்டில் 593 எடுத்தார். அவரைச் சேர்ப்பதற்கு இன்னொரு காரணம் தலைமை. ஐந்து பந்துவீச்சாளர்களோடு இறங்குவேன் என்று பிடிவாதம் பிடித்த இந்தியத் தலைவர் அவர். 68 டெஸ்டில் 40 வெற்றி அப்படி வந்தது. நான் போடுகிற அணி அவர் நம்பிய அணி, அதை நடத்தவும் அவரே வேண்டும். பட்டோடியைத் தலைவராக வைக்கலாம் என்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த அணியில் பேட்ஸ்மனாக அவருக்கு இடம் கிடைக்காது.

அடுத்து கீப்பர். சென்னையில் இருந்துகொண்டு இதை எழுதுவது கொஞ்சம் துணிச்சல்தான். தோனி இல்லை. மஞ்சள் சட்டைக் கணக்கு வேறு, வெள்ளைச் சட்டைக் கணக்கு வேறு. 2013-ல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை அடித்த 224 அற்புதமான இன்னிங்ஸ். ஆனால் அவருடைய ஆறு டெஸ்ட் சதங்களில் ஒன்றுகூட ஆசியாவுக்கு வெளியே இல்லை. ரிஷப் பந்த் ஆசியாவுக்கு வெளியே அடித்த சதங்களைப் பாருங்கள்: ஓவல், சிட்னி, கேப்டவுன், எட்ஜ்பாஸ்டன், பிறகு 2025-ல் ஹெடிங்லியில் இரண்டு இன்னிங்ஸிலும். பிரிஸ்பேன் கடைசி நாள் அடித்த 89 தனி. லார்ட்ஸிலும் மெல்போர்னிலும் ஆறாவதாக இறங்கி ஆட்டத்தைப் புரட்டக்கூடிய கீப்பர் இந்தியாவுக்கு இவரைத் தவிர வாய்த்ததில்லை.

கையை மட்டும் பார்த்தால் கிர்மானிதான். பேடி, சந்திரா, பிரசன்னாவுக்கு ஸ்டம்பை ஒட்டி நின்றவர். 88 டெஸ்டில் 38 ஸ்டம்பிங். தோனிக்கும் 90 டெஸ்டில் அதே 38. கும்ப்ளேவின் எகிறும் பந்துக்கு பந்த் இரண்டு பைஸ் விடலாம். பரவாயில்லை.

இப்போது நான் சொன்ன ஏழாம் இடம். வினு மன்கட்.

இளைய வாசகர்களுக்கு இந்தப் பெயர் ஒரு ரன் அவுட்டாக மட்டும் தெரியும். பந்து போடுமுன் கோட்டைத் தாண்டிய மறுமுனை ஆட்டக்காரரை 1947-ல் சிட்னியில் அவுட் ஆக்கினார், பெயர் ஒட்டிக்கொண்டது. (அதையே ஐபிஎல்லில் பட்லருக்குச் செய்த அஸ்வினும் இதே அணியில் இருக்கப்போகிறார், எதிரணி கோட்டைப் பார்த்து நிற்பது நல்லது.) ஆனால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஜெயித்தது 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. மன்கட் 55 ரன்னுக்கு 8, பிறகு 53 ரன்னுக்கு 4. இரண்டாவது வெற்றி அதே ஆண்டு டெல்லியில், பாகிஸ்தானுக்கு எதிராக. மன்கட் 13 விக்கெட். நாட்டின் முதல் இரண்டு டெஸ்ட் வெற்றிகளில் விழுந்த எதிரணியின் 40 விக்கெட்டில் 25 ஒரே மனிதருடையது.

இந்த இரண்டுக்கும் நடுவே லார்ட்ஸ். இந்தியத் தேர்வாளர்கள் இடத்தை உறுதி செய்ய மறுத்ததால் அந்தக் கோடையில் அவர் லங்காஷயர் லீகில் ஹாஸ்லிங்டனுக்கு ஆடப் போய்விட்டார். ஹெடிங்லி டெஸ்டில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு 4 விக்கெட் இழந்து நாறியபோதுதான் புத்தி வந்தது. கிளப்பிடம் கேட்டு வாங்கி லார்ட்ஸில் இறக்கினார்கள். தொடக்க ஆட்டக்காரராக 72. பிறகு 73 ஓவர் போட்டு 5 விக்கெட். மறுபடி பேடைக் கட்டிக்கொண்டு தொடக்கத்தில் இறங்கி 184. அதற்குப் பிறகும் 24 ஓவர். இந்தியா 8 விக்கெட்டில் தோற்றது, அது வேறு.

1956-ல் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராக பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413. அரை நூற்றாண்டுக்கு மேல் உலக சாதனையாக நின்றது. அதில் இவர் பங்கு 231. இந்தியர் ஒருவரின் அதிகபட்ச ஸ்கோராக அது 27 ஆண்டு இருந்தது. அதை உடைத்தது சேப்பாக்கத்தில் கவாஸ்கரின் 236. இன்று அந்த இடத்தில் இருக்கும் சேவாக்கின் 319-ம் சேப்பாக்கம்தான். இந்திய ரன் சாதனைக்கும் சென்னைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

"ஜடேஜாவின் எண்கள் இதைவிட நன்றாக இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 300 விக்கெட்டுக்கு மேல், சராசரி 25-ஐ ஒட்டி. பேட்டிங்கும் மன்கட்டின் 31-ஐவிட மேலே. ஃபீல்டிங்கைப் பேசவே வேண்டாம். ஜடேஜாவை எடுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஜடேஜா பந்து போட்ட அணியில் மறுமுனையில் அஸ்வின், பின்னால் பும்ரா, ஷமி. மன்கட் முதல் டெஸ்ட் ஆடியபோதே வயது 29, அதற்கு முந்தைய ஆண்டுகள் போரில் போயின. கேட்சுகள் விழும் அணியில், பெரும்பாலும் தோற்கிற அணியில் 162 விக்கெட், 2109 ரன், ஐந்து சதம். ஒன்று முதல் பதினொன்று வரை எல்லா இடத்திலும் பேட் செய்திருக்கிறார். லார்ட்ஸில் சேவாக் வேண்டாம் என்று அன்று காலையில் தோன்றினால், கவாஸ்கரோடு இறங்க ஆள் ஏழாம் இடத்திலேயே இருக்கிறார். ஜடேஜாவால் அது முடியாது.

கடைசிச் சண்டை சுழல். பெரியப்பா கேட்ட பிரசன்னா சாதாரண ஆள் இல்லை. 1967-68-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டு பயணத்திலும் சேர்த்து எட்டு டெஸ்டில் 49 விக்கெட்.  20 டெஸ்டில் 100 விக்கெட் எடுத்தார். இந்தியரில் அதை முந்த அஸ்வின் வரவேண்டியிருந்தது, அவர் 18-ல் எடுத்தார். ஓவலில் 1971-ல் 38 ரன்னுக்கு 6 எடுத்து இங்கிலாந்தை 101-ல் சுருட்டிய சந்திரா, பேடி, வெங்கட் என்று நால்வரையும் அடுக்கலாம். அவர்களுக்கும் முன்னால் சுபாஷ் குப்தே. தான் பார்த்த லெக் ஸ்பின்னர்களில் அவரே சிறந்தவர் என்று சோபர்ஸ் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இவர்களில் யாரும் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயமுறுத்தியதில்லை. அஸ்வின் 537 விக்கெட்டோடு ஆறு சதமும் அடித்தவர். அதில் இரண்டு சேப்பாக்கத்தில், இரண்டு முறையும் அதே டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுக்குக் குறையாமல் எடுத்தார். இடதுகை ஆட்டக்காரர்களை மட்டும் 200 முறைக்கு மேல் வீழ்த்தியிருக்கிறார்.

அவருடைய பலவீனம் தெரிந்ததே. 537-ல் 383 இந்தியாவில் எடுத்தவை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து நான்கிலும் ஒரு ஐந்து விக்கெட் இன்னிங்ஸ்கூட இல்லை. அங்கேதான் கும்ப்ளே வருகிறார். 619-ல் 269 வெளிநாட்டில். 2003-04-ல் ஆஸ்திரேலியாவில் மூன்றே டெஸ்டில் 24, சிட்னியில் ஒரே இன்னிங்ஸில் 8. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கும்ப்ளே காலத்தில் முன்காலை நீட்டி பேடில் வாங்கினால் நடுவர் விரல் எழாது. நடுவரின் தீர்ப்பை ஆட்டக்காரர்களே மறுபடி பார்க்கச் சொல்லும் மறுபரிசீலனை முறை முதலில் சோதனைக்கு வந்தது 2008 இலங்கைத் தொடரில், இவர் தலைவராக இருந்த தொடர், ஓய்வு பெற்ற ஆண்டு. நேராகவும் வேகமாகவும் போட்டு எல்பிடபிள்யூ கேட்பதே தொழிலாக இருந்தவருக்கு அந்த வசதி பதினெட்டு வருடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் 29.65 என்ற சராசரி எங்கே போய் நின்றிருக்கும்?

எனவே இரண்டு பேரும். அணி இது: கவாஸ்கர், சேவாக், டிராவிட், சச்சின், கோலி தலைவர், பந்த் கீப்பர், மன்கட், கபில், அஸ்வின், கும்ப்ளே, பும்ரா. பத்தாவதாக இறங்கும் கும்ப்ளேவுக்கே ஓவலில் ஒரு டெஸ்ட் சதம் உண்டு.

ஜாகீர் எங்கே என்பீர்கள். இடதுகை வேகம் என்பது பெரிய வசதி, 2007 டிரென்ட்பிரிட்ஜில் அவர் வாங்கித் தந்த வெற்றி மறக்கக்கூடியதல்ல. ஆனாலும் சராசரி 33-ஐ ஒட்டி நிற்கிறது, ஷமிக்கு 27.71. பன்னிரண்டாவது ஆள் ஷமி. லார்ட்ஸில் காலையில் மேகம் மூடியிருந்தால் அஸ்வின் உட்கார்ந்து ஷமி ஆடுவார். அஸ்வின் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். 2021-ல் இங்கிலாந்தில் நாலு டெஸ்டிலும் அவரை வெளியே உட்காரவைத்தவர் இதே கோலிதான். அப்போதும் ஊரே கத்தியது. நானும்தான் கத்தினேன், ஏனென்றால் அன்று ஓவல் பிட்ச் வறண்டிருந்தது. மேகமூட்ட லார்ட்ஸ் வேறு, வறண்ட ஓவல் வேறு.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: விஸ்வநாத்தையும் பிரசன்னாவையும் பயண அணியில் சேர்த்தாயிற்று. ஈடனில் கோலிக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஐந்தாவதாக இறங்குவது விஸ்வநாத்.